ஆடுபவனை விட்டுப் பார்ப்பவர்களைப் பிடித்த குமட்டல்: கோத்தகிரிப் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்கு அருகே பொது மருத்துவம் பார்த்துவருகிறேன். ஒரு குடும்பத்தின் சம்மதத்துடன் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டிருக்கின்றன அல்லது சற்று மாற்றப்பட்டிருக்கின்றன; நோய் தொடர்பான விவரங்களில் எதையும் மாற்றவில்லை. வீடியோ கேமைத் தொட்டே பார்க்காத ஒருவருக்கு வீடியோ கேமால் உடம்புக்கு முடியாமல் போகும் என்பதை அந்தக் குடும்பத்தின் தாயும் நினைக்கவில்லை, அவரைப் பரிசோதித்த மருத்துவர்களும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் குடும்பமே ஒரே அறைக்குள் முடங்கும் மலை ஊர்களில் இது மறுபடியும் நடக்கக்கூடியது. அதனால்தான் இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

தாய்க்கு நாற்பதைத் தாண்டிய வயது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைக் கணக்கு எழுதும் வேலை. கணவர் இலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மூத்த மகன் கோவையில் வேலை பார்க்கிறான். இளைய மகன் பதினொன்றாம் வகுப்பு. மகளுக்குப் பத்து வயது. கணவரின் தாயாரும் உடன் இருக்கிறார்.

தீபாவளிக்கு வந்த மூத்த மகன் 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றையும் கேம் கன்சோல் ஒன்றையும் வாங்கிவந்தான். தன் சம்பளத்தில் அவன் வீட்டுக்கு வாங்கிய முதல் பெரிய பொருள் அது. இரண்டையும் முன்னறையில் வைத்தார்கள். அந்த அறை சுமார் 10 அடிக்கு 9 அடி.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும், அதன் பின்னாலேயே கடுங்குளிரும். ஊட்டி, தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் நாள்களில் கோத்தகிரியிலும் மாலை ஆறு மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்துவைக்க யாரும் துணிவதில்லை. கரி அடுப்பை மூட்டி முன்னறையில் வைத்துவிட்டு எல்லோரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். இளைய மகன் விளையாடுவான், மற்றவர்கள் பார்ப்பார்கள். டியூப் லைட் திரையில் பளிச்சென்று தெரிகிறது என்று அதையும் அணைத்துவிடுவார்கள். அவன் விரும்பி ஆடியது, ஆடுபவரின் கண் வழியாகவே எல்லாவற்றையும் காட்டும் ஓட்டமும் சுடுதலும் நிறைந்த ஆட்டம். இடுக்கான நடைபாதைகளில் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் காட்சி மேலும் கீழும் குலுங்கும்.

தாயைப் பற்றி இன்னும் இரண்டு விவரங்கள் முக்கியம். சிறு வயதிலிருந்தே அவருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. மேட்டுப்பாளையம் இறங்க வேண்டுமென்றால் முன்பக்க இருக்கை கிடைக்கும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பார். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏற மாட்டார். மாதத்தில் ஓரிரு முறை ஒற்றைத் தலைவலியும் வரும். வந்தால் வெளிச்சம் ஆகாது. இவை இரண்டையும் அவர் நோயாகவே எண்ணியதில்லை. எனவே எந்த மருத்துவரிடமும் தானாகச் சொன்னதுமில்லை.

தொந்தரவு தொடங்கியது

நவம்பர் நடுவில் தொடங்கியது. இரவு எட்டு மணியளவில் முதலில் கொட்டாவி, பிறகு வாயில் உமிழ்நீர் ஊறுதல், நெற்றிப் பாரம், குமட்டல். சாப்பாடு இறங்காது. சில இரவுகளில் வாந்தி. மறுநாள் காலையில் எழுந்தாலும் தலை மிதப்பதுபோல் இருக்கும். வேலைக்குப் போன பிறகுதான் மெல்லத் தெளியும்.

ஓர் இடத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை போடச் சொன்னார்கள். நாற்பதைக் கடந்தவர்களில் பலருடைய எக்ஸ்ரேயிலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அவர்களில் பெரும்பாலோருக்குத் தலைசுற்றல் கிடையாது. இன்னோர் இடத்தில் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் தரும் மாத்திரைகளான சின்னாரிசினும் புரோகுளோர்பெராசினும் எழுதிக்கொடுத்து, நாள்தோறும் விழுங்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டுமே தூக்கத்தைத் தருபவை. தொழிற்சாலையில் எடைக் கணக்கு இரண்டு தடவை தவறி, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். மூளையில் கட்டி இருக்குமோ என்ற பயம் அவர் மனத்தில் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, உடன் வந்த கணவர்தான் சொன்னார்.

மகளுக்கும் அதே காலத்தில் மாலை வேளைகளில் குமட்டலும் வாந்தியும் இருந்தன. பாட்டி கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருந்தார். தகப்பனாருக்கோ அது பள்ளிக்கு மட்டம் போடும் தந்திரம்.

முதல் பரிசோதனையும் முதல் முடிவும்

டிசம்பர் தொடக்கத்தில் தாயையும் மகளையும் ஒன்றாகப் பார்த்தேன். தாயின் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருந்தன. கர்ப்பம் இல்லை. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் அறையே சுழல்வதுபோன்ற உணர்வு இல்லை. தலையைத் திருப்பிப் படுக்கவைத்துச் செய்யும் சோதனையிலும் கண்கள் துடிக்கவில்லை. காது இரைச்சலோ கேட்கும் திறனில் குறைவோ இல்லை. நடை, பேச்சு, கண் அசைவு, கை கால் பலம் அனைத்தும் இயல்பு. மூளைக் கட்டியைச் சுட்டும் எதுவும் தென்படவில்லை என்பதை அப்போதே, காரணங்களோடு, இருவரிடமும் சொன்னேன். அந்தப் பயத்தோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் கருத்து.

எப்போது வருகிறது என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “ராத்திரி அடுப்பு மூட்டி எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான், டாக்டரம்மா.”

மூடிய அறை, கரி அடுப்பு, குளிர்காலம், ஒரே வீட்டில் இருவருக்குத் தலைப்பாரமும் குமட்டலும். மலையில் மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இதைக் கேட்டவுடன் கார்பன் மோனாக்சைடு நினைவுக்கு வர வேண்டும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். கணப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விடிவதற்குள் இறந்த செய்திகள் இந்த மலைகளுக்குப் புதியவை அல்ல.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இருவருக்கும் 97-க்குக் குறையாமல் காட்டியது. அதை நம்பி நான் விட்டுவிடவில்லை. சாதாரண அளவி, கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிடும். நஞ்சேறிய ஒருவருக்கும் அது நல்ல எண்ணைக் காட்டக்கூடும். உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனைக்கு மலையிறங்க வேண்டும். அதுவும், பகல் முழுக்க வெளிக்காற்றில் இருந்துவிட்டு வந்தவரிடம் முந்திய இரவின் அளவு தெரியாது. எனவே வேறு காரணம் உறுதியாகும்வரை இதைக் கார்பன் மோனாக்சைடாகவே கொள்வது என்று முடிவெடுத்தேன். தவறான பக்கம் சாய்ந்தால் உயிரே போகும் இடத்தில் வேறு முடிவுக்கு வழியில்லை. அன்றிரவே கரி அடுப்பு வாசலுக்குப் போக வேண்டும், ஜன்னலை ஒரு சாண் திறந்துவைக்க வேண்டும், போர்வையும் வெந்நீர்ப் பையும் போதும் என்றேன். தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்புறத்தில், அன்றிரவு யாருக்கு என்ன செய்தது என்று எழுதிவைக்கும்படி தாயிடம் சொன்னேன். மாத்திரைகளை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எதனால் எது மாறியது என்று தெரியாமல் போகும்.

நாள்காட்டித் தாள்கள்

அடுத்த வாரம் தாய் அந்தத் தாள்களை ரப்பர் பேண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். எடைக் கணக்கு எழுதும் கை. நேரம், ஆள், தொந்தரவு எல்லாம் சீராக இருந்தன. அடுப்பு வெளியே போன பிறகும் தொந்தரவு நிற்கவில்லை. ஆனால் எல்லா இரவும் வரவில்லை.

இந்தக் குறிப்புகளோடு வேறு இரண்டு செய்திகளும் சேர்ந்தன. முதலாவது, அடுப்புக்கு மிக அருகே உட்கார்ந்திருந்தவர் பாட்டி. அவருக்கு ஒரு நாளும் ஒன்றும் செய்யவில்லை. மற்றதைத் தாயே யோசித்துச் சொன்னார். நவம்பர் கடைசியில் மரம் விழுந்து இரவு முழுக்க மின்சாரம் இல்லாத அன்று, அடுப்பும் உள்ளேதான் இருந்தது, ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது. இருந்தும் இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள்.

மின்சாரம் இல்லாவிட்டால் அந்த அறையில் எது நின்றுபோகும் என்று கேட்டேன். விளக்கும் தொலைக்காட்சியும் என்றார். சீரியல் பார்க்கும் நாள்களில் எப்படி என்று கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மகன் விளையாடும் நாள்களில்தான் வருகிறது என்று தனக்கும் தோன்றியதாகவும், அதைச் சொன்னால் அவருடைய வீட்டுக்காரர் கன்சோலை விற்றுவிடுவார் என்பதால் சொல்லவில்லை என்றும் சொன்னார். மூத்தவன் ஆசையாக வாங்கிக்கொடுத்தது. இளையவன் இப்போதுதான் கைப்பேசியோடு மாடி அறைக்குள் முடங்காமல் வீட்டாரோடு உட்காருகிறான். நோயைச் சொன்னால் இது போய்விடும் என்ற கணக்கில் அவர் வாரக்கணக்காக வாந்தியைச் சகித்திருக்கிறார். இப்படிப்பட்ட மறைப்பை நோயாளியின் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேட்கப்பட்ட கேள்விகளில் இதைச் சொல்ல இடமே இருக்கவில்லை.

வீட்டில் கண்டது

குடும்பத்தார் அழைத்ததன்பேரில் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு வாசலில் இருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. வழக்கமாக எப்படி உட்காருவார்களோ அப்படியே உட்காரச் சொன்னேன். யாருக்காவது கொட்டாவியோ குமட்டலோ தொடங்கினால் உடனே நிறுத்துவது என்று பேசிக்கொண்டோம்.

மகன் பின்சுவரை ஒட்டி நாற்காலியில், திரையிலிருந்து சுமார் 8 அடி தள்ளி. தாயும் மகளும் தரைவிரிப்பில், திரைக்கு 4 அடி முன்னால். பாட்டி கட்டிலில், திரைக்குப் பக்கவாட்டில். கண்புரை இருப்பதால் அவர் பார்ப்பதில்லை, குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். தகப்பனார் ஒன்பது மணிக்கு மேல் வந்து வாசற்படி அருகே உட்காருபவர். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். எட்டடியில் அது கண்ணின் பார்வையில் 22 பாகை அளவை அடைக்கும். நான்கடியில் 43 பாகை. விளக்கையும் அணைத்துவிட்டால் தரையில் இருப்பவர்களுக்குத் திரையைத் தவிர வேறெதுவும் தெரியாது; அசையாத பொருள் என்று கண்ணில் படுவதற்கு எதுவுமே இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் நான் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன். தொடக்க இசை கேட்டபோதே சிறுமி எச்சில் விழுங்கினாள். சில நிமிடங்களில் கொட்டாவி, இன்னொன்று, பேச்சு நின்றது. உதடு வெளுத்தது. நான் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் குளிரில் அவளுடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. கையைத் தொட்டால் சில்லிட்டிருந்தது. அதோடு நிறுத்தச் சொன்னேன். தாய் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்படி மூடுவது அவருக்கே தெரியவில்லை.

அன்று கண்டவற்றில் முக்கியமானது மகனின் தோள். திரையில் காட்சி திரும்புவதற்கு ஒரு கணம் முன்பே அவன் தோள் அந்தப் பக்கம் சாய்ந்தது. தங்கையின் தலையோ திருப்பம் வந்து முடிந்த பிறகு அசைந்தது.

இன்னொரு நாள், விளக்கைப் போட்டு, தூரமாக உட்காரவைத்து, கண்ட்ரோலரைத் தங்கையிடம் கொடுத்துப் பார்த்தோம். அவள் கண்டபடி திருப்பினாள். அண்ணன் தரைவிரிப்பில் உட்கார்ந்து பார்த்தான். சில நிமிடங்களில், “போதும் பாப்பா, எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது” என்று அவனே எழுந்துவிட்டான். அவளுக்கு ஒன்றும் இல்லை. அதுவரை தங்கை நடிக்கிறாள் என்று எண்ணியிருந்த தகப்பனார் அன்று நேரில் பார்த்தார். என் விளக்கங்களைவிட அந்தக் காட்சி அவரை மாற்றியது.

காரணம் என்ன

நம் உள்காதில் இருபக்கமும் மூன்று அரைவட்டக் குழல்களும், நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணரும் இரண்டு பைகளும் உள்ளன. தலை திரும்பினால் குழல்களில் உள்ள நீர்மம் அதை மூளைக்குச் சொல்லும். கண்ணும் அதையே சொல்லும். இரண்டும் ஒத்துப்போகும்வரை நமக்கு எதுவும் தெரியாது. 1975-இல் ரீசன், பிராண்ட் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த புலன் முரண் கோட்பாட்டின்படி, வரும் என்று மூளை எதிர்பார்த்த செய்தியும் வந்து சேர்ந்த செய்தியும் பொருந்தாதபோதுதான் குமட்டல் பிறக்கிறது. மலைப்பாதை பஸ்ஸில், குனிந்து கைப்பேசியைப் பார்ப்பவருக்குக் காது அசைவைச் சொல்கிறது, கண் அசைவில்லை என்கிறது. ஆட்டத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு இது அப்படியே தலைகீழ்: கண் ஓடுகிறது, திரும்புகிறது, குதிக்கிறது, காதோ உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறோம் என்கிறது. உடல் நிலைகுலைந்து தடுமாறுவதே முதல் காரணம் என்று 1991-இல் ரிச்சியோவும் ஸ்டாஃப்ரெகனும் வேறொரு விளக்கம் தந்தார்கள். எது முழுமையான விடை என்ற விவாதம் முடியவில்லை. இந்த வீட்டில் எடுத்த முடிவுகளுக்கு இரண்டு விளக்கங்களுமே இடம் கொடுத்தன.

ஆடுபவனுக்கு ஏன் இல்லை? விரல் அசைக்கும் முன்பே எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவன் மூளைக்குத் தெரியும். பார்ப்பவருக்கு ஒவ்வொரு திருப்பமும் அறிவிப்பின்றி வருகிறது. அதே 14 கொண்டை ஊசி வளைவுகளை நாள் முழுக்க ஏறி இறங்கும் குன்னூர் பாதை ஓட்டுநருக்கு ஒன்றும் ஆவதில்லை, பின்னிருக்கைப் பயணி எலுமிச்சம்பழத்தோடு தவிக்கிறார், காரணம் அதுவே. இந்தக் குடும்பத்தில் வண்டி ஓட்டும் தகப்பனாருக்கு இதைச் சொன்னவுடன் புரிந்துவிட்டது. தன் வண்டியிலேயே வேறொருவர் ஓட்டத் தான் பக்கத்தில் உட்கார்ந்தால் வயிறு கலங்குவதுண்டு என்றார்.

இது அண்மைக் காலத்து நோயும் அல்ல. 1957-இலேயே அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் (தரையிலிருந்தே பறப்பதுபோல் காட்டும் பயிற்சிக் கருவி) பயிற்சி பெற்றவர்களிடம் ஹாவ்ரனும் பட்லரும் இதைப் பதிவு செய்தார்கள். உண்மையான ஹெலிகாப்டரில் பழகிய பயிற்றுநர்களே அதில் அதிகம் அவதிப்பட்டார்கள். உடல் எதை எதிர்பார்க்கப் பழகியிருக்கிறதோ அதற்கு மாறானது வரும்போது தொந்தரவு கூடுகிறது.

ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழ் பயண நோய் அரிது. பள்ளிப் பருவத்தில், பன்னிரண்டு வயதுக்கு முன், உச்சத்தைத் தொடும். பெண்களிடம் கூடுதல். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இன்னும் கூடுதல். தாயும் மகளும் மாட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

எடுத்த முடிவுகள்

ஆட்டத்தைத் தடை செய்யவில்லை. தகப்பனார் முதலில் கேட்டது அதைத்தான். தடுத்திருந்தால் நோய் மறுநாளே நின்றிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் மகன் மறுபடியும் மாடி அறைக்குப் போயிருப்பான். தன்னால்தான் இது நடந்தது என்று தாய்க்கும் தங்கைக்கும் மனக்குறை வந்திருக்கும். காரணம் ஆட்டமல்ல, அதைப் பார்த்த விதம் என்பது தெளிவாகத் தெரிந்த நிலையில், விதத்தை மாற்றிப் பார்ப்பதே முறை என்று முடிவு செய்தோம்.

கழுத்துப் பட்டையைக் கழற்றச் சொன்னேன். இரண்டு மாத்திரைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினோம். புரோகுளோர்பெராசின் வாந்தியை அடக்க ஓரிரு நாளுக்கு நல்ல மருந்து. மாதக்கணக்கில் தொடர்ந்தால் கை நடுக்கம், தசை இறுக்கம் போன்றவற்றைக் கொண்டுவரக்கூடும். சின்னாரிசினுக்கும் அந்தக் குணம் உண்டு. தவிர, சமநிலையுணர்வை மந்தமாக்கும் மருந்துகள் மூளை புதிய சூழலுக்குப் பழகுவதையும் தாமதப்படுத்தும். இயந்திரங்கள் ஓடும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் தூக்கக் கலக்கத்தோடு நடமாடுவது வேறோர் ஆபத்து. ஆட்டம் பார்ப்பதற்கு முன் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை கேட்டார்கள், தரவில்லை. எழுந்து போய்விட்டால் தீர்ந்துவிடும் தொந்தரவுக்கு மருந்து எதற்கு? மலையிறங்கும் நீண்ட பயணத்துக்கு மட்டும், வேலையில்லாத நாளில், எப்போதாவது ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

அறையில் செய்த மாற்றங்கள் எளியவை. தரைவிரிப்பைப் பின்சுவருக்கு நகர்த்தினார்கள். டியூப் லைட்டை அணைப்பதில்லை. திரையில் எதிரொளிக்காதபடி தொலைக்காட்சியைச் சற்றே திருப்பிவைத்தார்கள். இப்போது திரையைச் சுற்றிச் சுவர், நாள்காட்டி, கதவு நிலை எல்லாம் பார்வையில் விழுகின்றன. தான் அசையவில்லை என்பதற்குக் கண்ணுக்கே சாட்சி கிடைக்கிறது. முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருவது உடல் ஆட்டத்தைக் குறைக்கும்.

ஆட்டத்துக்குள் செய்ய வேண்டியவற்றை மகனே தேடிக் கண்டுபிடித்தான். நடக்கும்போது காட்சி குலுங்குவது, அசைவில் உருவம் மங்குவது, வெடிக்கும்போது திரை அதிர்வது ஆகிய மூன்றையும் அமைப்பில் நிறுத்தினான். திரும்பும் வேகத்தைக் குறைத்தான். திரையின் நடுவில் நிலையான புள்ளி ஒன்றைக் காட்டும் வசதி இருந்தது, அதைப் போட்டான். பார்வைக் கோணத்தை விரிக்கும் வசதி அந்த ஆட்டத்தில் இல்லை. எட்டடி தொலைவுக்கு என்று குறுகலாக அமைத்த காட்சியை நான்கடியில் பார்த்தால் அளவுகள் பொருந்தாமல் போகும். எனவே அங்கே உட்காரும் தூரத்தை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. வீட்டார் பார்க்கும் நேரத்தில், பாத்திரத்தைப் பின்னாலிருந்து காட்டும் ஆட்டங்களை ஆடுவது என்றும் அவனே சொன்னான்.

பொறுத்துப் பொறுத்துப் பழகிவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் கண்டிப்பாக மறுத்தேன். பழக்கம் ஏற்படுவது உண்மை. ஆனால் தொந்தரவு தொடங்கும் முன் நிறுத்தி, இடையில் ஒரு நாளாவது விட்டு, சிறுகச் சிறுக நேரத்தைக் கூட்டினால்தான் அது நடக்கும். குமட்டலோடு உட்கார்ந்தே இருந்தால் உடல் அந்த ஆட்டத்தையே குமட்டலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். தொடக்க இசைக்கே சிறுமி எச்சில் விழுங்கியது அந்த நிலைதான். எனவே முதல் கொட்டாவியே நிறுத்தக் குறி என்று வைத்துக்கொண்டோம். இஞ்சி பலருக்கு இதம் தருகிறது. உறுதியான பலன் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. வீட்டில் இஞ்சித் தேநீர் எப்படியும் இருந்தது, தடுக்கவில்லை.

தாயின் ஒற்றைத் தலைவலிக்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கினேன். வேளைக்குச் சாப்பாடு, ஒழுங்கான தூக்கம், வலி தொடங்கியவுடன் மருந்து என்ற அளவில்.

பின் நடந்தவை

டிசம்பர் இறுதிக்குள் தாயின் மந்தம் போனது. எடைக் கணக்கில் தவறு வரவில்லை என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிம்மதி, குமட்டல் குறைந்தது பற்றிச் சொன்னபோதுகூட இல்லை.

பொங்கலுக்கு உறவுப் பிள்ளைகள் வந்தார்கள். விளக்கை அணைத்து, தரையில் நெருக்கியடித்து, கார்ப் பந்தய ஆட்டம். சிறுமி எழுந்து போக வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்து, வாந்தி எடுத்தாள். தகப்பனார் கன்சோலைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். இதைப் பற்றிப் பேச நால்வரும் வந்தார்கள். அன்று நாங்கள் சேர்த்துக்கொண்டது ஒன்றே: நிறுத்தச் சொல்லும் உரிமை சிறுமியுடையது, யார் ஆடினாலும், எவ்வளவு பேர் இருந்தாலும், அவள் சொன்னால் காரணம் கேட்காமல் விளக்கைப் போட்டு ஆட்டத்தை நிறுத்த வேண்டும். இதைத் தகப்பனார் ஏற்றுக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். பெரியவர்களிடம் சொல்லத் தயங்கும் குழந்தைக்கு, தூரம், விளக்கு இவற்றைவிட இது அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

மார்ச் மாதத்தில் சிறுமி விளக்கு வெளிச்சத்தில், பின்சுவரில் சாய்ந்து, அரைமணி நேரம்வரை தொந்தரவின்றிப் பார்த்தாள். தானே ஆடினால் அதைவிட அதிக நேரம். தொடக்க இசைக்கு இப்போது ஒன்றும் செய்வதில்லை. பள்ளிக்கு விடுப்பு எடுக்கவில்லை. தாய்க்கு அந்த அளவு பலனில்லை. கால்மணி நேரத்துக்கு மேல் அவரால் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் முயலவும் அவர் விரும்பவில்லை. பாட்டியின் கட்டிலில், திரைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து மகன் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்கிறார். மேட்டுப்பாளையம் பஸ் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலியின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. கரி அடுப்பு திரும்ப உள்ளே வரவில்லை. குமட்டலுக்கு அது காரணமில்லை என்று தெரிந்த பிறகும், அது உள்ளே இருக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி மாற்றிச் செய்பவை

மாலையில் தலைசுற்றல், குமட்டல் என்று வருபவர்களுக்கான கேள்வித் தாளில் நான்கு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். வீட்டில் எந்தத் திரை, யார் இயக்குகிறார், நீங்கள் எவ்வளவு தூரத்தில், விளக்கு எரிகிறதா. மின்சாரம் இல்லாத இரவில் எப்படி இருந்தீர்கள் என்பதையும் கேட்கிறேன். மழைக்காலத்தில் இந்த மலையில் எல்லோரிடமும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பஸ் ஒத்துக்கொள்ளுமா, ஒற்றைத் தலைவலி உண்டா என்பதை நோயாளி சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை.

கென்னடியும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட சிமுலேட்டர் நோய் வினாத்தாள், 16 அறிகுறிகளை 0 முதல் 3 வரை மதிப்பிடச் சொல்கிறது. அதை எளிய தமிழில் எழுதிவைத்திருக்கிறேன். நாள்காட்டித் தாளின் பின்புறம் நன்றாகவே பயன்பட்டது, என்றாலும் கண் சோர்வு, மங்கல், வியர்வை போன்றவற்றைத் தனித்தனியே கேட்டிருந்தால் ஒரு வாரத் தாள்களுக்குக் காத்திருக்காமல் திரையை நோக்கிப் போயிருக்கலாம்.

ஒரே அறையில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ குமட்டல் என்றால் முதல் நடவடிக்கை அடுப்பை வெளியேற்றுவதுதான். அதை மாற்ற மாட்டேன். குளிர்காலம் தொடங்கும் முன்பே, நோயோடு வராதவர்களிடமும் இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

மூத்த மகன் அடுத்ததாக, தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவி ஒன்றை அனுப்ப விரும்புகிறான். அதை மாட்டினால் சுவரும் கதவு நிலையும் கண்ணுக்குத் தெரியாது; இந்த வீட்டில் பலன் தந்த முக்கியமான வழி அங்கே அடைபட்டுப்போகும். தங்கை பன்னிரண்டைத் தாண்டட்டும், அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம், வாங்கினால் தம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவனிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன்.